வானொலி நிலையம் தந்த கணிப்பொறி

லண்டன் பி.பி.சி. என்று சொன்னால் நம் பெரியவர்களுக்கு எது நினைவுக்கு வரும்? 1941ஆம் ஆண்டு தொடங்கி 2017ஆம் ஆண்டு வரை சிற்றலையில் ஒலித்த தமிழோசை நினைவுக்கு வரும். செய்தியும் நாடகமும் பேச்சும் தந்த அந்த நிலையம், ஒரு காலத்தில் தன் பெயரிலேயே ஒரு கணிப்பொறியையும் மக்களுக்குத் தந்தது. ஒலிபரப்பு நிலையத்துக்கும் கணிப்பொறிக்கும் என்ன தொடர்பு? பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் பிழைத்த நமக்கும் அந்தப் பெட்டிக்கும் என்ன தொடர்பு? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதே இன்றைய பேச்சு.

கதை ஓர் அச்சத்தில் தொடங்குகிறது. 1978ஆம் ஆண்டு பி.பி.சி. தொலைக்காட்சி ஒரு விவரணப் படம் காட்டியது. நகத்தின் அளவே உள்ள சிலிக்கன் சில்லு ஒன்று, தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் பல பேருடைய வேலையைச் செய்துவிடும் என்று அந்தப் படம் எடுத்துச் சொன்னது. பார்த்த மக்கள் கலங்கினார்கள். பிழைப்பு போய்விடுமோ என்ற அந்தக் கலக்கம் நமக்குப் புதிதல்ல. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோதும், ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோதும் நாம் பட்ட கலக்கம்தான் அது.

பி.பி.சி.யின் கல்விப் பகுதியில் இருந்தவர்கள் அச்சத்தைச் சொன்னதோடு நின்றுவிடவில்லை. தெரியாத பொருளைக் கண்டுதான் மனிதன் அஞ்சுகிறான். எனவே மக்களுக்கு அதைக் கற்றுக் கொடுப்போம் என்று முடிவு செய்தார்கள். 'கணிப்பொறி எழுத்தறிவுத் திட்டம்' உருவாயிற்று. தொலைக்காட்சிப் பாடம், பாடநூல், பாடத்தோடு சேர்ந்து வீட்டிலும் பள்ளியிலும் பழகிப் பார்க்க ஒரு கணிப்பொறி, இம்மூன்றும் ஒன்றாக வரவேண்டும் என்பது ஏற்பாடு.

அந்தக் கணிப்பொறியைச் செய்து தருவது யார்? கேம்பிரிட்ஜ் நகரில் ஏக்கான் என்ற சிறிய நிறுவனம் இருந்தது. 1981ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பி.பி.சி. அதிகாரிகள் வந்து பார்ப்பதற்கு ஐந்தே நாள் இருக்கும்போது, அங்கே வரைபடம் மட்டுமே தயாராக இருந்தது. நிறுவனத்தின் தலைவர்களுள் ஒருவரான ஹெர்மன் ஹவுசர் ஒரு தந்திரம் செய்தார். "ஐந்து நாளில் முடியும் என்று ஸ்டீவ் சொல்லிவிட்டார்" என்று சோஃபி வில்சனிடம் சொன்னார். "முடியும் என்று சோஃபி சொல்லிவிட்டார்" என்று ஸ்டீவ் ஃபர்பரிடம் சொன்னார். இருவரும் இராப்பகலாக உழைத்தார்கள். அதிகாரிகள் வந்து சேரச் சில மணி நேரமே இருந்தபோது பெட்டி உயிர் பெற்றது. ஒப்பந்தம் அவர்களுக்கே கிடைத்தது.

1981 டிசம்பர் மாதம் பி.பி.சி. மைக்ரோ என்ற அந்தக் கணிப்பொறி வெளிவந்தது. 1982 சனவரியில் தொலைக்காட்சிப் பாடம் தொடங்கியது. முதலில் அறிவித்த விலை, சிறியதற்கு 235 பவுன், பெரியதற்கு 335 பவுன். நம் கணக்கில் பெரியது ஆயிரம் வெள்ளிக்கு மேல். ஏறக்குறைய 12,000 பெட்டிகள் விற்கும் என்று எதிர்பார்த்தார்கள். கடைசியில் விற்றதோ 15 இலட்சத்துக்கும் அதிகம். பள்ளிக்கூடம் ஒரு பெட்டி வாங்கினால் பாதி விலையை அரசு கொடுத்தது. ஆகவே பிரிட்டனின் பெரும்பாலான பள்ளிகளுக்குள் அது நுழைந்தது.

இனி, பெட்டியைத் திறந்து உள்ளே பார்ப்போம். இது 'எட்டு பிட்' கணிப்பொறி. பிட் என்றால் என்ன?

ஒரு நிரையில் எட்டு ரப்பர் மரங்கள் நிற்கின்றன என்று வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு மரத்திலும் ஒரு மங்கு. மங்கு நிமிர்ந்திருக்கலாம், அல்லது கவிழ்ந்திருக்கலாம். மூன்றாவது நிலை கிடையாது. வலக்கோடி மங்கு நிமிர்ந்திருந்தால் அதன் மதிப்பு 1. இடப்பக்கம் போகப் போக மதிப்பு இரட்டிக்கும். 2, 4, 8, 16, 32, 64, கடைசியாக 128. எட்டும் கவிழ்ந்திருந்தால் 0. எட்டும் நிமிர்ந்திருந்தால் எல்லாம் கூட்டி 255. ஆக, எட்டு மங்குகளைக் கொண்டு 256 வெவ்வேறு செய்திகளைச் சொல்லலாம். ஒரு மங்கு ஒரு பிட். எட்டு மங்கு சேர்ந்தது ஒரு பைட். ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்துக்கு 65 என்று எண் கொடுத்திருக்கிறார்கள். 64ஆம் மங்கையும் 1ஆம் மங்கையும் நிமிர்த்தி வைத்தால் அந்த எழுத்து வந்துவிடும். கணிப்பொறியின் வித்தை எல்லாம் இந்த நிமிர்த்தலும் கவிழ்த்தலும்தான்.

பி.பி.சி. மைக்ரோவின் மூளை 6502 என்ற எண் கொண்ட சில்லு. ஒரு வினாடியில் அதன் கடிகாரம் 20 இலட்சம் முறை துடிக்கும். அன்று வந்த பல வீட்டுக் கணிப்பொறிகளில் இதே சில்லு பாதி வேகத்தில்தான் ஓடியது. இவ்வளவு வேகம் இருந்தும் அந்தச் சில்லுக்குப் பெருக்கத் தெரியாது என்றால் நம்புவீர்களா? கூட்டவும் கழிக்கவும், எண்ணை இரட்டிக்கவும் பாதியாக்கவும் மட்டுமே தெரியும். 12ஐ 5ஆல் பெருக்கவேண்டுமா? 12ஐ இரட்டித்தால் 24, மறுபடி இரட்டித்தால் 48, அதோடு ஒரு 12 சேர்த்தால் 60. வாய்ப்பாடு தெரியாத நம் பாட்டிமார் சந்தையில் போட்ட மனக்கணக்கும் இதுதானே! சிறு அறிவை விரைவாகவும் தவறாமலும் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதே அதன் பலம்.

அடுத்து நினைவகம். பெரிய பெட்டியில் 32 கிலோபைட், அதாவது 32,768 பைட் நினைவகம் இருந்தது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம் 3 மெகாபைட் என்று கொண்டால், அந்த ஒரு படத்தை வைக்கவே இதுபோல 96 பெட்டிகள் வேண்டும். அந்த 32இலும் ஒரு பங்கைத் திரை எடுத்துக்கொள்ளும். திரைக்கு எட்டு முறைகள் இருந்தன. நுணுக்கமான படமோ நிறைய வண்ணமோ வேண்டுமானால் 20 கிலோபைட் திரைக்கே போய்விடும். எழுத்து மட்டும் போதும் என்றால் ஏழாம் முறையில் ஒரே ஒரு கிலோபைட் போதும். 25 வரி, வரிக்கு 40 எழுத்து. சம்பள நாளன்று அரிசிக்கு இவ்வளவு, பள்ளிக்கூடச் செலவுக்கு இவ்வளவு, கோயில் வரிக்கு இவ்வளவு என்று பிரித்து வைக்கும் தாய்மாருக்கு இந்தக் கணக்கு உடனே விளங்கும். படத்துக்குச் செலவிட்டால் நிரலுக்கு இடமில்லை. நிரலை நீட்டினால் படத்தைச் சுருக்கவேண்டும்.

இன்னொரு வசதியைச் சொல்கிறேன். அந்தப் பெட்டியில் ஆங்கில எழுத்துகள்தான் இருந்தன. ஆனால் புதிய எழுத்தை நாமே வரைந்து கொடுக்க அது இடம் தந்தது. எட்டுக் கட்டம் அகலம், எட்டுக் கட்டம் உயரம். மாணவச் செல்வங்களே, கட்டம் போட்ட கணக்குப் புத்தகத்தை எடுங்கள். எட்டுக்கு எட்டு சதுரம் ஒன்று வரையுங்கள். இடக்கோடியில் மேலிருந்து கீழாக எல்லாக் கட்டங்களையும் கறுப்பாக்குங்கள். கடைசி வரி முழுவதையும் கறுப்பாக்குங்கள். என்ன வந்தது? நம் 'ட'! மங்குக் கணக்குப்படி முதல் ஏழு வரிக்கும் 128, 128 என்று ஏழு முறை. கடைசி வரிக்கு 255. இந்த எட்டு எண்களைக் கொடுத்தால் அந்த ஆங்கிலப் பெட்டி 'ட' என்று தமிழ் எழுதும். 'ப' எழுதுவதும் எளிது. 'ஞ'வும் 'ணை'யும் அந்தச் சிறு சதுரத்தில் அடங்கா. இரண்டு சதுரங்களைச் சேர்த்து வரையவேண்டும். எந்த மொழியும் கணிப்பொறிக்கு அந்நியமல்ல. மொழி தெரிந்தவன் உட்கார்ந்து எண் கொடுத்தால் போதும் என்பதை இந்த எட்டு எண்கள் காட்டுகின்றன. நம் நாட்டிலேயே முத்து நெடுமாறன் அவர்கள் அப்படி உட்கார்ந்தார்கள். அவருடைய முரசு மென்பொருள் 1985இல் பிறந்தது. இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியில் தமிழில் செய்தி அனுப்புகிறார்கள் என்றால் அவரைப் போன்றவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது.

பெட்டியை நிறுத்தினால் நினைவகத்தில் உள்ளது எல்லாம் அழிந்துவிடும். பிறகு நிரலைச் சேமிப்பது எப்படி? சாதாரண ஒலிநாடாவில்! பாட்டுப் பதியும் அதே கேசட்டில், நிமிர்ந்த மங்குக்கு ஓர் ஒலி, கவிழ்ந்த மங்குக்கு வேறோர் ஒலி என்று கீச்சுக் குரலாகப் பதிந்து வைத்தார்கள். வினாடிக்குச் சுமார் 120 பைட் போகும். 20 கிலோபைட் நிரலை ஏற்ற மூன்று நிமிடம் காத்திருக்கவேண்டும்.

ஒலிதானே? அப்படியானால் வானொலியில் அனுப்பலாமே என்று சிலருக்குத் தோன்றியது. 1980களின் தொடக்கத்தில் நெதர்லாந்து வானொலி கணிப்பொறி நிரல்களை ஒலியாகவே ஒலிபரப்பியது. 1984இல் பி.பி.சி. வானொலியும் அவ்வாறே செய்தது. நேயர்கள் ஒலிப்பதிவுக் கருவியை வானொலிப் பெட்டியின் அருகே வைத்துப் பதிந்துகொண்டு, பிறகு கணிப்பொறியில் ஏற்றினார்கள். கணிப்பொறியை எழுப்பி ஓட வைத்த பாடமும் வானொலி வழியே வீட்டுக்குள் வந்தது என்பது நம்மைப் போன்ற வானொலி நேயர்களுக்குப் பெருமை தரும் செய்தி அல்லவா?

பெட்டியின் மிக முக்கியமான குணத்தை இன்னும் சொல்லவில்லை. அதைத் திருகிவிட்டால் படம் ஓடாது, பாட்டுப் பாடாது. திரையில் ஒரு சிறு குறி தோன்றி, உன் ஆணை என்ன என்று கேட்பதுபோல் காத்திருக்கும். சோஃபி வில்சன் எழுதிய பேசிக் மொழி உள்ளேயே பதிந்திருந்தது. பத்து வயதுப் பிள்ளை இரண்டு வரி எழுதினால் அதன் பெயர் திரை முழுவதும் ஓடும். மூன்றாவது வரியில் பிழை செய்தால், எந்த வரியில் பிழை என்று பெட்டி சொல்லும். அடித்துத் திருத்தி மறுபடி ஓட்டலாம். பார்ப்பவனாக இருந்த பிள்ளை, செய்பவனாக மாறினான். இன்று நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் இருக்கும் கைப்பேசி அந்தப் பெட்டியைவிடப் பல்லாயிரம் மடங்கு ஆற்றல் உள்ளது. ஆனால் பிள்ளையிடம் அது எதையும் கேட்பதில்லை, காட்டிக்கொண்டே இருக்கிறது. பெற்றோர்களே, இந்த வேறுபாட்டைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள்.

பெட்டி வந்துவிட்டால் மட்டும் கல்வி வந்துவிடுமா? இதற்கு இந்தியாவின் அனுபவம் பதில் சொல்லும். 1984ஆம் ஆண்டு இந்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கி, முதலில் 250 பள்ளிகளுக்கு இதே பி.பி.சி. மைக்ரோவைக் கொடுத்தது. சண்டிகாருக்கு அருகே இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ், 'யூனிகார்ன்' என்ற பெயரில் அதை உரிமம் பெற்று இந்தியாவிலேயே தொகுத்தது. பின்னர் திட்டம் 2,000க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிந்தது. நோக்கம் நல்லது. ஆனால் ஒரு பள்ளிக்கு ஒரு சில பெட்டிகளே கிடைத்தன. பாட நிரல்கள் பல பிரிட்டிஷ் பிள்ளைகளுக்காக ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சியோ குறுகியது. கெட்டுவிடுமே என்று பூட்டி வைத்த அறைகளும் உண்டு. பிரிட்டனில் தொலைக்காட்சிப் பாடமும் பாடநூலும் பெட்டியும் சேர்ந்து வந்தன. அங்கே பழம் கிடைத்தது. இங்கே பெட்டி முந்திக்கொண்டது; மற்றவை பின்னே வந்தன. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாடமும் இதுதான்: துணைக்கருவி ஆசிரியருக்குத் துணை, ஆசிரியருக்கு மாற்று அல்ல.

சரி, அந்தப் பெட்டி பழைய பொருளாகிப் போய்விட்டதா? இல்லை, நேயர்களே. அது பெற்ற பிள்ளை உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது. பி.பி.சி. மைக்ரோவோடு இரண்டாவது மூளை ஒன்றை இணைக்க வழி இருந்தது. ஏக்கான் நிறுவனத்தார் அதைப் பயன்படுத்தித் தாங்களே ஒரு புதுச் சில்லை உருவாக்கினார்கள். ஐந்து நாளில் பெட்டி செய்த அதே வில்சனும் ஃபர்பரும்தான் அதற்கும் முன்னின்றார்கள். 1985 ஏப்ரல் 26ஆம் நாள் அது முதன்முதலாக ஓடியது. எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்த்தார். கருவி சுழியம் காட்டியது! பார்த்தால், சில்லுக்கு மின் இணைப்பே கொடுக்கப்படவில்லை. பக்கத்துக் கம்பிகளில் கசிந்து வந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. ஆர்ம் என்பது அதன் பெயர். இவ்வளவு சிக்கனமானது என்பதால்தான் பிற்காலத்தில் சிறிய மின்கலத்தில் ஓடும் கைப்பேசிக்கு ஏற்றதாயிற்று. இன்று உலகில் உள்ள கைப்பேசிகள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் அந்த வழிவந்த சில்லுகள்தான் இருக்கின்றன.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1972இல் இண்டெல் நிறுவனம் பினாங்கில் தொழிற்சாலை திறந்தது. பிறகு சிரம்பானுக்கும் சில்லுத் தொழில் வந்தது. லயத்து வீடுகளிலிருந்து எத்தனையோ அக்காமார் விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறிப் போய், நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளைச் சில்லுகளில் பொருத்தினார்கள். பெரட்டுக்குப் போன தாயின் மகள், சில்லுக்குக் கை கொடுத்தாள். ஆனால் அந்தச் சில்லின் உள்ளே என்ன நடக்கிறது என்று அவளுக்கு எவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 2025 மார்ச் மாதம் மலேசிய அரசு அதே ஆர்ம் நிறுவனத்தோடு பத்து ஆண்டுகளுக்கு 25 கோடி அமெரிக்க டாலர் மதிப்பில் ஒப்பந்தம் செய்தது. சில்லை இங்கேயே வடிவமைக்கவும் 10,000 பொறியாளர்களைப் பயிற்றுவிக்கவும் திட்டம். அந்தப் பத்தாயிரம் பேரில் நம் பிள்ளைகள் எத்தனை பேர் இருக்கப்போகிறார்கள்? கணிதத்திலும் அறிவியலிலும் இன்று நாம் காட்டும் அக்கறைதான் அதை முடிவு செய்யும்.

நிறைவாக ஒரு செய்தி. 1086ஆம் ஆண்டு இங்கிலாந்து மன்னர் வில்லியம் தன் நாட்டைக் கணக்கெடுத்தார். எத்தனை ஏர், எத்தனை ஆலை, எத்தனை குடி என்று எழுதிய அந்தப் பேரேட்டுக்கு டூம்ஸ்டே புத்தகம் என்று பெயர். அதன் 900ஆம் ஆண்டு நினைவாக, 1986இல் பி.பி.சி. புதிய டூம்ஸ்டே ஒன்றை வெளியிட்டது. இம்முறை எழுதியவர்கள் அரசனின் கணக்கர்கள் அல்லர். சுமார் 9,000 பள்ளிகளின் பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றித் தாங்களே எழுதினார்கள். என்ன சாப்பிடுகிறோம், என்ன விளையாடுகிறோம், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதையெல்லாம் பி.பி.சி. மைக்ரோவில் தட்டெழுதினார்கள். எல்லாவற்றையும் பெரிய ஒளித்தட்டுகளில் பதித்தார்கள்.

பதினைந்து ஆண்டுகள் போயின. அந்தத் தட்டுகளைப் படிக்கும் கருவி உலகில் அரிதாகிவிட்டது. 900 ஆண்டுக்கு முந்திய தோல் புத்தகத்தை இன்றும் கண்ணால் படிக்கலாம். 1986இல் எழுதியதைப் படிக்க வழியில்லாமல் போகும் நிலை வந்தது! அறிஞர்கள் பெருமுயற்சி செய்து அதை மீட்டார்கள். 2011இல் பொதுமக்கள் அதை மீண்டும் படிக்க முடிந்தது.

நம் நிலையை எண்ணுவோம். செக்ரோல் ஏட்டில் கிராணி நம் பாட்டன் பெயரை எழுதினார். எத்தனை நாள் வேலை, எத்தனை இறாத்தல் பால் என்று எழுதினார். அது நம்மைப் பற்றித் துரை எழுதிய கணக்கு. நம்மைப் பற்றி நாம் எழுதியது எங்கே? நீலாயிலும் சிரம்பானைச் சுற்றியும் தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று வீடமைப்புத் திட்டங்கள் நிற்கின்றன. சில பள்ளிகளின் பெயரில் மட்டும் 'லாடாங்' என்ற சொல் மிஞ்சியிருக்கிறது, தோட்டம் இல்லை.

ஆகவே மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை. தாத்தாவும் பாட்டியும் இருக்கும்போதே கேளுங்கள். எந்தத் தோட்டம், எத்தனையாம் லயம், பெரட்டு எத்தனை மணிக்கு, கோயில் எங்கே இருந்தது, முதல் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று கேளுங்கள். கைப்பேசியில் குரலைப் பதியுங்கள். ஆனால் கைப்பேசியோடு விட்டுவிடாதீர்கள். அது உடைந்தால் தாத்தாவின் குரலும் போய்விடும். கேட்டதைத் தாளில் மையால் எழுதுங்கள். படங்களை அச்சிட்டுப் பின்புறம் பெயரும் ஆண்டும் குறியுங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி பள்ளி நூலகத்தில், ஒரு பிரதி வேறு ஊரில் உள்ள உறவினரிடம் இருக்கட்டும். புதிய கருவி வரும்போதெல்லாம் பழையதிலிருந்து அதற்கு மாற்றிக்கொண்டே இருங்கள். 15 இலட்சம் பெட்டி விற்ற நிறுவனத்துக்கும் இந்தப் பாடம் பதினைந்து ஆண்டு கழித்துத்தான் விளங்கியது. நாம் இன்றே தெரிந்துகொண்டோம்.

32 கிலோபைட்டில் ஒரு நாடு எழுத்தறிவு பெற முயன்றது. அதில் ஒரு பக்கத்தில் ஆயிரம் எழுத்துதான் அடங்கும். உங்கள் தாத்தாவின் கதையைத் தொடங்க ஆயிரம் எழுத்துப் போதும். இந்த வார இறுதிக்குள் முதல் பக்கத்தை எழுதி உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.